அவரும்தானே சிரித்தார்?

கேள்வி: ஆறு மாதம் முன்பு வரை என்னோடு சமமாக வேலை பார்த்தவர்களுக்கு இப்போது நான் மேலாளர். பழைய பழக்கத்தில் கேலியும் கிண்டலும் தொடர்கிறது. போன மாதம் மீட்டிங்கில் ஒருவர் நான்கு நாள் லீவு கேட்டார். "நாலு நாள் எதுக்கு, நிரந்தரமாவே எடுத்துக்கோங்களேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும்தான். அன்றிலிருந்து அளந்து அளந்து பேசுகிறார். பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் 'சார்' என்கிறார். மேலாளர் ஆனால் ஜோக்கே அடிக்கக் கூடாதா?

பதில்: தாராளமாக அடிக்கலாம். ஆனால் "அவரும்தான்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சிரிப்பைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள். லீவுக்கு ஒப்புதல் தருபவர் நீங்கள், வருடக் கடைசியில் அப்ரைசல் எழுதுபவரும் நீங்கள். எல்லோர் முன்னாலும் நீங்கள் ஒன்று சொன்னால் அவர் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்? முகம் சுளித்தால் 'இதைக்கூடத் தாங்க மாட்டாரா' என்ற பெயர் வேறு வரும். மேலாளரின் மொக்கை ஜோக்குக்கு விழுகிற சிரிப்பு வேறு யாருக்கும் விழாது. இது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும், மேலாளரைத் தவிர.

முன்பு இதையே சொல்லியிருந்தால் பதிலுக்கு அவர் உங்களை ஒரு வாங்கு வாங்கியிருப்பார், கணக்கு அங்கேயே தீர்ந்திருக்கும். இப்போது அவரால் அது முடியாது. 'விளையாட்டாகச் சொன்னாரா, மனசில் இருந்தது வாயில் வந்துவிட்டதா' என்று வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார். அதனால் வேலை, சம்பளம், லீவு, அப்ரைசல் என்று உங்கள் கையெழுத்துக்குக் காத்திருக்கிற எதையும் வைத்து ஜோக் வேண்டாம். உடல், நிறம், மதம், கல்யாணம் பக்கம் போகவே வேண்டாம். நீங்களே சொதப்பிய பிரசன்டேஷன், முடியவே முடியாத மீட்டிங் என்று கிண்டலுக்கு விஷயமா இல்லை? அவர்கள் உங்களைக் கிண்டல் செய்யும்போது முகம் மாறாமல் இருக்க முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, அவரிடம் என்ன சொல்வது? தனியாக, சுருக்கமாக: "அன்னைக்கு லீவு விஷயத்துல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, ஸாரி." அவ்வளவுதான். "தப்பா எடுத்துக்கிட்டீங்களோ" என்று ஆரம்பித்தால் பழி அவர் தலையில் விழும். "பரவாயில்லை சார்" என்பார். அதுவும் கிட்டத்தட்ட அந்தச் சிரிப்பு மாதிரிதான். உடனே பழையபடி ஆகிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள், 'சார்' கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும். அந்த நான்கு நாள் லீவை அவர் கடைசியில் எடுத்தாரா என்று நீங்கள் எழுதவே இல்லை. எடுக்கவில்லை என்றால், இன்னும் தேவையா என்று கேட்டு ஒப்புதல் கொடுங்கள்.

அப்புறம், மேலாளர் ஆரம்பித்து வைத்ததை மற்றவர்கள் சும்மா விடமாட்டார்கள். 'நிரந்தர லீவு' என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது அவரைச் சீண்டினால், "அது நான் சொன்ன தப்பு, இதோட விட்டுடுங்க" என்று அங்கேயே எழுதிவிடுங்கள்.