அகலமான தலை உள்ளவர்கள் வலிக்காத கூலிங் கிளாஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவருக்கு எந்தக் கூலிங் கிளாஸ் போட்டாலும் அரை மணி நேரத்தில் நெற்றிப் பொட்டு இரண்டும் வலிக்கிறதாம். அதோடு மூக்கிலிருந்து வழுக்கிக்கொண்டே வேறு இருக்கிறதாம். இறுக்கமாக இருக்கும் கண்ணாடி எப்படி வழுக்கும் என்று கேட்டிருக்கிறார்.

வழுக்கும். எனக்கும் அகலத் தலைதான், இந்த இரண்டு தொல்லையோடும் பல வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். தலை கண்ணோரத்தில் குறுகலாகவும் காதுக்கு மேலே அகலமாகவும் இருக்கிறது. ஃபிரேம் குறுகலாக இருந்தால், காதில் மாட்டும் கம்பிகள் அந்த அகலத்தைத் தாண்டுவதற்காக வெளிப்பக்கம் விரிகின்றன. விரிந்த கம்பி மறுபடி உள்ளே வரப் பார்க்கும். ஈர சோப்பை இரண்டு விரலால் அழுத்திப் பாருங்கள், நழுவி முன்னால் பாயும். இங்கே சோப்பு உங்கள் தலை. அது நகராது என்பதால் கண்ணாடி நகர்கிறது.

இது தெரியாமல் நான் செய்த வேலை: வழுக்குகிறதே என்று கடைக்குப் போய், கம்பியை இன்னும் உள்ளே வளைத்துக்கொண்டு வந்தேன். மறுநாள் சாயங்காலம் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது, தலைவலி தனி. கண்ணாடி அப்போதும் வழுக்கியது.

உங்கள் ஃபிரேம் குறுகலா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. போட்டுக்கொண்டு, வீட்டில் யாரையாவது உச்சந்தலைக்கு மேலே நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கம்பிகள் நேராகப் பின்னால் போனால் சரி. வில் மாதிரி வெளியே வளைந்திருந்தால் எந்தப் பிராண்டாக இருந்தாலும் அது உங்களுக்கானது இல்லை.

அடுத்து அளவு. கம்பியின் உட்புறம் 54-18-145 என்கிற மாதிரி எண்கள் இருக்கும், எல்லாம் மில்லிமீட்டர். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்கின் மேல் வரும் பாலம், மூன்றாவது கம்பியின் நீளம். நமக்கு வேண்டிய எண் பெரும்பாலும் அங்கே இருக்காது! அது ஃபிரேமின் முன்பக்க மொத்த அகலம், இந்தக் கீல் ஓரத்திலிருந்து அந்தக் கீல் ஓரம் வரை. மேலே சொன்ன ஃபிரேமில் இரண்டு லென்ஸும் பாலமும் சேர்ந்தால் 126. இரண்டு ஓரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியைக் கூட்டினால் 140-ஐ ஒட்டி வரலாம். அந்த ஓரம் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும் என்பதால், 54 என்று போட்ட இரண்டு கண்ணாடிகளில் ஒன்று பொருந்தி இன்னொன்று கடிக்கும். ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். அகலத் தலைக்கு 145-க்கு மேல் தேட ஆரம்பிக்கலாம், சிலருக்கு 150-ம் தாண்டும். ஆன்லைனில் வாங்கினால் மொத்த அகலம் போடாத கண்ணாடியை நான் தொடுவதே இல்லை.

‘ஓவர்சைஸ்’ என்ற வார்த்தையை நம்ப வேண்டாம். பல நேரம் லென்ஸ்தான் உயரமாக இருக்கும், அகலம் பழைய அகலம்தான். ஸ்பிரிங் வைத்த கீலும் அப்படித்தான். கடையில் போட்டதும் சுகமாக இருக்கும், ஆனால் ஸ்பிரிங் நாள் முழுக்க அழுத்திக்கொண்டே இருக்கும். அகலம் சரியாக இருந்தால் அது நல்ல கூடுதல் வசதி, இல்லையென்றால் வலி கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான்.

கம்பியின் நீளத்தையும் பாருங்கள். வளைவு காதுக்கு முன்னாலேயே வந்துவிட்டால் காதின் பின்பக்கம் புண்ணாகும். 145 அல்லது 150 நமக்கு ஒத்துவரும்.

அசிட்டேட் என்கிற பிளாஸ்டிக் வகை ஃபிரேமைச் சூடு காட்டிக் கொஞ்சம் விரிக்கலாம், மெல்லிய உலோகத்தையும் வளைக்கலாம். விளையாட்டுக் கண்ணாடிகளில் வரும் நைலான் ரகங்கள் இலகுவானவை, வளைந்து கொடுக்கும், ஆனால் திரும்பப் பழைய வடிவத்துக்கே போய்விடும். ஆகவே அவற்றை வாங்கும்போதே சரியாக இருக்க வேண்டும். எதுவானாலும் விரிப்பதில் சில மில்லிமீட்டர்தான் கிடைக்கும், அதை நம்பிக் குறுகலானதை வாங்காதீர்கள்.

கடையில் கண்ணாடி முன் நின்று அழகு பார்ப்பதோடு நிறுத்தாமல் கால் மணி நேரம் போட்டபடியே நடமாடுங்கள். குனியுங்கள். வாய்விட்டுச் சிரியுங்கள், கன்னம் ஃபிரேமைத் தூக்கக் கூடாது. விற்பவர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்க்கட்டும்.

அப்புறம், கடைசியில் ஒன்று பொருந்திவிட்ட சந்தோஷத்தில் லென்ஸைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம், நானும் விட்டிருக்கிறேன். யுவி 400 என்று இருக்க வேண்டும், அதாவது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் லென்ஸ். கறுப்பாக இருப்பதற்கும் புற ஊதாக் கதிரைத் தடுப்பதற்கும் சம்பந்தமில்லை. தடுக்காத கறுப்பு லென்ஸ் போட்டால் இருட்டில் கண்மணி விரிந்து, கதிர் இன்னும் அதிகமாக உள்ளே போகும். லென்ஸ் எவ்வளவு இருட்டு என்பதை 0 முதல் 4 வரை வகை பிரித்திருப்பார்கள், வெயிலுக்கு 3-ம் வகை போதும். 4-ம் வகை ரொம்ப இருட்டு, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது.