தோல் உரிந்தாலும் நிற்கும் பச்சை

அன்புள்ள சார்,

ஆற்றில் ஒதுங்கிய ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய செய்தியில், 'வலது முன்கையில் மயில் பச்சை குத்தப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தார்கள். நாலு நாள் ஊறிய உடம்பில் தோலே உரிந்துவிடுமே, பச்சை எப்படி நிற்கும்? அதை வைத்து இன்னார் என்று சொல்லிவிட முடியுமா?

ரா., மன்னார்குடி

அன்புள்ள ரா.,

நிற்கும். சில சமயம் உயிரோடு இருந்தபோது தெரிந்ததைவிடப் பளிச்சென்று நிற்கும். ஊசி மையை மேல்தோலில் விடுவதில்லை, அதற்கு அடியில் உள்ள உள்தோலில்தான் விடுகிறது. ஊறிய உடலில் மேல்தோல் கையுறை மாதிரி கழன்று வரும். ஈரப் பஞ்சால் அதைத் துடைத்து எடுத்தால் அடியில் மயில் அப்படியே இருக்கும். (குத்துவது கரி மை, மேல்தோல் வழியாகப் பார்ப்பதால்தான் பச்சையாக, நீலமாகத் தெரிகிறது.) தோல் கருகியோ காய்ந்தோ போயிருந்தால் அகச்சிவப்புக் கதிரில் படம் எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம், மையில் கொஞ்சம் நிணநீரோடு போய் அக்குள் முடிச்சுகளில் தங்கிவிடும். கையே கிடைக்காவிட்டாலும், அந்த முடிச்சு கறுத்திருந்தால் கையில் பச்சை இருந்திருக்கலாம் என்று மருத்துவர் ஊகிப்பார். மயிலா, மாமியார் பெயரா என்பது மட்டும் தெரியாது.

இன்னாரென்று சொல்வது வேறு விஷயம். 1935 ஏப்ரலில் சிட்னியின் கூஜி கடற்கரைக் காட்சிச்சாலையில், புதிதாகப் பிடித்துவந்த புலிச்சுறா ஒன்று கூட்டத்தின் முன்னாலேயே ஒரு மனிதக் கையைக் கக்கியது. மணிக்கட்டில் கயிறு. முன்கையில் இரண்டு குத்துச்சண்டைக்காரர்கள் மோதும் பச்சை. செய்தியைப் படித்த ஒருவர் வந்து, தன் உடன்பிறந்த ஜேம்ஸ் ஸ்மித்தின் கை அது என்றார். விரல் ரேகையும் ஒத்துப்போனது. சுறா கடித்த கை இல்லை, கத்தியால் அறுத்தது என்றார்கள் மருத்துவர்கள். மீதி உடல் கிடைக்கவே இல்லை. ஒரு கை சடலம் ஆகாது என்று நீதிமன்றத்தில் வாதாடி மரண விசாரணையையே நிறுத்திவிட்டார்கள். கொலை வழக்கில் நின்ற ஒரே ஆளும் விடுதலை.

அங்கே கையைத் தெரிந்தவர் பக்கத்திலேயே இருந்தார். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் 1992இல் ஆற்றில் கிடந்த பெண்ணுக்கு அது வாய்க்கவில்லை. முன்கையில் கறுப்பு ரோஜா, பச்சை இலைகள், கீழே எழுத்துகள். இவ்வளவு இருந்தும் பெயரில்லாமலே அடக்கமானார். 2023இல் இன்டர்போல் அந்தப் பச்சையை வெளியிட்ட பிறகுதான் பிரிட்டனிலிருந்த குடும்பத்தார் செய்தியில் பார்த்து அடையாளம் சொன்னார்கள். 31 வருஷம்!

உங்கள் மயிலிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. திருவிழாக் கடையில் ஒரே அச்சை வைத்து நூறு கைகளில் குத்தியிருப்பார்கள். உறவென்று யாராவது வந்தால், மயில் எந்தப் பக்கம் பார்க்கிறது, பக்கத்தில் தழும்பு ஏதும் உண்டா என்றுதான் முதலில் கேட்க வேண்டும். எங்கள் அத்தை கையில் மாமா பெயர் 'கோவிந்தசமி' என்று இருந்தது. பச்சை குத்தியவர் ஒரு கால் போட மறந்துவிட்டார். சாகும்வரை மாமா அதைச் சொல்லித் திட்டினார். போலீஸ்காரர் யாராவது பார்த்திருந்தால் அந்த விடுபட்ட காலைத்தான் முதலில் குறித்துக்கொண்டிருப்பார்.