பஞ்சுக்குச்சிப் புள்ளிகளும் பரமட்டாவின் விலாங்குகளும்

கேள்வி: சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் உள்ள குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் உதவி ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். ஜூலை மாதம், பூர்வகுடி மக்களின் பண்பாட்டைக் கொண்டாடும் நைடாக் வாரம் வந்தால், அட்டையில் பூமராங் வடிவத்தை வெட்டிக் கொடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியால் அதன்மேல் வண்ணப் புள்ளிகள் வைக்கச் செய்வது எங்கள் வழக்கம். இவ்வாண்டு பூர்வகுடியைச் சேர்ந்த ஒரு தாய் அவற்றைச் சுவரில் பார்த்துவிட்டு, “இது எங்கள் ஊர் ஓவியம் இல்லையே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சென்றார். நான் செய்தது தவறா? - ஒரு வாசகி

பதில்: தவறு என்பதைவிட, இடம் மாறிப்போயிற்று என்று சொல்லலாம். புள்ளி ஓவியம் என நாம் பொதுவாகக் குறிப்பிடுவது ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிப் பாலைநிலத்துக்கு உரியது. ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பப்புன்யாவில், 1971ஆம் ஆண்டு, ஜெஃப்ரி பார்டன் என்ற ஆசிரியர் துணைநிற்க, ஊர்ப் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் தொல்கதையைத் தீட்டினார்கள். பின்னர் பலகையிலும் கித்தானிலுமாக அந்த மரபு உலகெங்கும் அறியப்பட்டது. அயலார் காணக்கூடாத புனிதக் குறிகளை மறைக்கும் திரையாகவும் அப்புள்ளிகள் பயன்பட்டன என்பர். நம் புள்ளிக்கோலத்தைப் போலவே இருக்கிறதே என்று நானும் ஒருகாலத்தில் மகிழ்ந்தவள்தான். கோலத்தில் புள்ளி கோட்டுக்கு வழிகாட்டுகிறது. அங்கேயோ சில வேளைகளில் அது மறைப்பதற்காகவே வைக்கப்படுகிறது. கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதால் இரண்டும் உறவாகிவிடா.

நீங்கள் நின்று பாடம் நடத்துவது டாருக் என்னும் பூர்வகுடி மக்களின் நிலம். சிட்னியைச் சூழ்ந்த மணற்கல் பாறைகளில் திமிங்கிலம், மீன், கங்காரு ஆகியவற்றின் புறக்கோடுகள் செதுக்கப்பட்டிருப்பதையும், நீல மலையடிவாரத்தில் கிளென்புரூக் அருகே உள்ள பாறைக்குடைவில், சுவரில் கையை ஊன்றி அதைச் சுற்றி வண்ணத்தை ஊதிப் பதித்த கைத்தடங்கள் இருப்பதையும் ஒருமுறையேனும் நேரில் சென்று பாருங்கள். இந்த வட்டாரத்தின் கலையில் மேலோங்கி நிற்பவை கோடும் நிழலும்.

அடுத்த ஆண்டுக்கு ஒரு யோசனை சொல்கிறேன். மேற்குச் சிட்னியில் உள்ள ஊருக்கும் ஆற்றுக்கும் வழங்கும் பரமட்டா என்ற பெயர், டாருக் மக்களில் ஒரு பிரிவான பர்ரமட்டகல் குலத்தாரோடு தொடர்புடையது. விலாங்குகள் படுத்திருக்கும் இடம் என்று அதற்குப் பொருள் கூறுவர். அந்த ஆற்று விலாங்குகள் முதிர்ந்ததும் கடலில் இறங்கி, வெகுதொலைவு வடக்கே பவளக்கடல் வரை நீந்திச் சென்று, முட்டையிட்டு மடிகின்றன. குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து வந்து, கண்ணாடிபோல் உடல் தெளிந்த பருவத்தில் மீண்டும் ஆறு ஏறுகின்றன. இதைவிடச் சிறந்த கதை நான்கு வயதுக் குழந்தைக்கு வேண்டுமா? களிமண் உருண்டையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்து பாருங்கள். உள்ளங்கையால் முன்னும் பின்னும் உருட்டும்போதே விலாங்கு நீண்டுவிடும், தலை எந்தப் பக்கம் என்ற வாக்குவாதமும் தொடங்கிவிடும். தரையில் நீளத் தாளை விரித்து, கரித்துண்டால் ஆற்றை வரையச் சொல்லுங்கள். அந்த விலாங்கு குழந்தையின் சொந்த விலாங்கு. அதைப் பூர்வகுடி ஓவியம் என்று பெயரிட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். பர்ரமட்டகல் என்ற பெயரையும் அதன் பொருளையும் அருகில் எழுதி வைத்தால் போதும்.

தொலைவில் உள்ளவர்களின் கலையைக் காட்டவே கூடாது என்பதில்லை. காட்டும்போது ஆளும் ஊரும் சொல்லிக் காட்டுங்கள். எமிலி காமே கங்வாரேயே என்ற அன்மாட்யர் இனப் பெண்மணி ஏறத்தாழ 80 வயதை நெருங்கிய பிறகே கித்தானில் வரையத் தொடங்கினார்; அவருடைய நிலத்தில் மண்ணுக்கடியில் ஓடும் கிழங்குக் கொடியின் வேர்கள் அவர் ஓவியங்களில் பின்னிக் கிடக்கின்றன. அவற்றில் ஒன்றின் அச்சுப்படியைக் காட்டிய பிறகு நகலெடுக்கச் சொல்லாமல், தோட்டத்துச் செடி ஒன்றை வேரோடு பிடுங்கிக் குழந்தைகளின் கையில் கொடுங்கள். இணையத்தில் கிடைக்கும் பூர்வகுடிக் குறியீட்டு அட்டவணையை அச்சிட்டு நிரப்பச் சொல்வதையும் விட்டுவிடலாம். பாலைநிலப் பெண்கள் மணலைக் கையால் சமன்செய்து, விரலால் கோடிட்டுக் கதை சொல்லி, ஒரு காட்சி முடிந்ததும் அதை அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்குவார்கள். அந்தக் குறிகளை எடுத்துக்கொள்ளாமலே, மணற்பெட்டியில் உங்கள் குழந்தைகள் தம் வீட்டுக் கதையை வரைந்து அழித்து வரையட்டும்.

ஆரம்பகாலக் கல்விக்கான தேசியக் கற்றல் சட்டகம் 2009இல் வந்தது. 2022இல் திருத்தப்பட்ட பதிப்பில் பூர்வகுடி மக்கள், டோரஸ் நீரிணைத் தீவு மக்கள் ஆகியோரின் பார்வைகள் தனிக் கோட்பாடாகவே சேர்க்கப்பட்டன. ஆண்டில் ஒரு வாரம் மட்டும் செய்தால் அது நிறைவேறாது. பள்ளி தொடங்கும் முதல் மாதத்திலேயே அந்தத் தாயிடம், “என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். அவர் மறுமொழி சொல்ல விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். எல்லாருக்கும் பாடம் நடத்துவது அவருடைய வேலை அன்று.

கேள்வி: காகிதக் குழாயில், டிஜெரிடூ என்னும் பூர்வகுடி ஊதுகருவியைச் செய்து வாசிக்கலாமா?

பதில்: வேண்டாம். கறையான் குடைந்த யூகலிப்டஸ் மரத்தில் செய்யப்படும் அந்தக் கருவி வடக்கே ஆர்ன்ஹெம் நிலத்துக்கு உரியது. அங்கு வாழும் யோல்ங்கு மக்கள் அதை யிடாக்கி என்பர். சடங்குகளில் ஆண்களே வாசிக்கும் மரபும் உண்டு. வாசிக்கத் தெரிந்த பூர்வகுடிக் கலைஞரை அழைத்துக் கேட்பதே முறை. அழைத்தால் உரிய ஊதியம் கொடுங்கள். பொன்னாடையோடு அனுப்பிவிடும் நம் பழக்கம் இங்கே வேண்டாம்.

கேள்வி: குடியேறி வந்த நான், நிகழ்ச்சித் தொடக்கத்தில் இந்நிலத்துப் பூர்வகுடி மக்களுக்கு மரியாதை கூறும் உரையைச் சொல்லலாமா?

பதில்: தாராளமாகச் சொல்லலாம். வரவேற்புரை நிகழ்த்தும் உரிமை மட்டுமே அந்நிலத்து மக்களுடையது. மரியாதை கூறுதல் எவருக்கும் உரியது. ஆனால் காலைக் கூட்டத்தில் பொருள் தெரியாமல் தேவாரம் ஒப்புவித்த நம்மைப் போலக் குழந்தைகளையும் ஒப்புவிக்க விடாதீர்கள். வெளியே அழைத்துச் சென்று, மண்ணைத் தொட்டு, “இது டாருக் நிலம், இதை நாம் பார்த்துக்கொள்வோம்” என்று அவர்கள் தம் சொல்லில் சொல்லட்டும். மழை நாளாக இருந்தால் சன்னலோரம் நின்று சொன்னாலும் போதும்.