சூரியக் காற்று வழியிலேயே ஏன் ஆறிப்போவதில்லை?

கேள்வி: சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்று விரிந்துகொண்டேதானே வருகிறது? பூமியை எட்டும்போதும் அது ஏறக்குறைய ஒரு இலட்சம் கெல்வின் வெப்பநிலையில் இருப்பதாகச் சொல்வது உண்மையா?

உண்மைதான். ஆனால் அந்த எண் எந்தத் துகளுடையது, எந்தத் திசையில் அளந்தது என்று கேட்டால்தான் விடை பிடிபடும்.

தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் இயற்பியல் கற்பிக்கிறேன். விரியும் வாயு குளிரும் என்பதைக் காட்ட, மிதிவண்டி டியூபின் வால்வை அழுத்திக் காற்றை வெளியேற்றச் சொல்வேன். பிடித்திருக்கும் விரல் சில்லிட்டுப் போகும். சூரியக் காற்றுக்கும் அதே கணக்கைப் போட்டால், தொலைவு எட்டு மடங்காகும்போது வெப்பநிலை பதினாறில் ஒரு பங்காகச் சுருங்க வேண்டும். சூரிய ஆரத்தைப் போல் பத்து மடங்கு தொலைவில் பத்து இலட்சம் கெல்வினாக இருந்தது, பூமிக்கு வரும்போது சுமார் 17,000 கெல்வினாகியிருக்க வேண்டும். அளவீடுகளோ, புரோட்டான்கள் மெதுவான காற்றில் சில பத்தாயிரம் கெல்வினிலும், வேகமான காற்றில் இரண்டு இலட்சத்தைத் தாண்டியும் இருப்பதாகக் காட்டுகின்றன. 1974இலும் 1976இலும் ஏவப்பட்ட ஹீலியோஸ் விண்கலங்கள், புதனின் பாதைக்கும் உட்புறத்திலிருந்து பூமியின் தொலைவு வரை அளந்து, புரோட்டான்கள் கணக்கைவிட மெதுவாகவே குளிர்வதைக் கண்டன. வழி நெடுக அடுப்பு எரிகிறது என்றுதானே பொருள்?

அந்த அடுப்பு எது என்பதைக் காட்டிக்கொடுப்பவை கனமான துகள்கள். வகுப்பறைக் காற்றில் ஹீலியத்தைக் கலந்தால், இடைவிடாத மோதல்களால் கணத்தில் எல்லாம் ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். பூமியருகே சூரியக் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்கு ஐந்தாறு துகள்களே உள்ளன. வேகமான காற்றில் வரும் ஒரு புரோட்டான், குறிப்பிடத்தக்க மோதல் ஒன்றுகூட இல்லாமல் நம்மை வந்தடையலாம். ஆகவே ஒவ்வொரு வகைத் துகளும் தான் பெற்ற சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. வேகமான காற்றில் ஹீலியம் அணுக்கருக்கள் புரோட்டான்களைவிட நான்கு மடங்கும், சில வேளைகளில் அதற்கு மேலும் சூடாக இருக்கின்றன. மோதல்கள் மிகுந்த மெதுவான காற்றில் இந்த வேறுபாடு தேய்ந்துவிடுகிறது. சூரியனுக்கு இன்னும் அருகே, 1995இல் ஏவப்பட்ட சோஹோ விண்கலம், ஆக்சிஜன் அயனிகளின் வெப்பநிலை பத்துக் கோடி கெல்வினைத் தாண்டுவதைக் கண்டது. அதுவும் காந்தப்புலத்துக்குக் குறுக்கான திசையில். வெறும் விரிவு மட்டுமே நடந்திருந்தால், அந்தக் குறுக்குத் திசைதான் முதலில் குளிர்ந்திருக்க வேண்டும்.

இந்தத் தடயங்கள் அலைகளையே சுட்டுகின்றன. சூரியப் பரப்பின் கொதிப்பில் பிறக்கும் ஆல்ஃபென் அலைகள், அதாவது காந்தப்புலக் கோடுகள் நாண்போல் அதிர்வதால் எழும் அலைகள், அந்தக் கோடுகள் வழியே வெளியேறி, ஒன்றோடொன்று மோதிச் சிறுசிறு சுழல்களாக உடைகின்றன. புரோட்டான் காந்தப்புலத்தைச் சுற்றும் வட்டத்தின் ஆரம் அளவுக்கு (பூமியருகே அது சுமார் நூறு கிலோமீட்டர்) அந்தச் சுழல்கள் சிறுக்கும்போது, அவற்றின் ஆற்றல் துகள்களுக்குக் கைமாறுகிறது. கனமான அயனிகள் காந்தப்புலத்தைச் சுற்றும் வேகம் குறைவு. அவற்றின் தாளத்தோடு ஒத்துப்போகும் மெதுவான அலைகளிலோ ஆற்றல் அதிகம். அதனால் அவை முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுகின்றன என்பது ஒரு விளக்கம். தாளம் ஒத்துப்போகாவிட்டாலும், வலுவான அலைகள் துகள்களின் பாதையைக் குலைத்தே சூடேற்றும் என்பது மற்றொன்று. இரண்டும் கலந்தே நடக்கிறது என்பதே என் கருத்து. எலக்ட்ரான்களின் கதை வேறு: அவை சூரியனின் வெளி வளிமண்டலமான கொரோனாவின் வெப்பத்தைப் புலக் கோடுகள் வழியே கடத்தி வருவதால் மெதுவாகக் குளிர்கின்றன.

இவ்வளவு சூட்டில் விண்கலம் வெந்துபோகாதா என்று என் மாணவர்களும் கேட்பார்கள். இங்கே புனித வெள்ளியை ஒட்டித் தீமிதி பார்த்தவர்களுக்கு, வெப்பநிலை வேறு, உடலில் ஏறும் வெப்பம் வேறு என்று விளக்குவது எளிது. விண்வெளியில் காரணம் மட்டும் வேறு: துகள்களின் அரிதான அடர்த்தி. 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் கடந்த பார்க்கர் விண்கலத்தின் கேடயத்தைச் சுட்டது பெரும்பாலும் சூரிய ஒளியே.

இதைவிட வியப்பு, வாயேஜர் 2 விண்கலம் யுரேனஸின் பாதையைத் தாண்டிய பிறகு புரோட்டான்களின் வெப்பநிலை மறுபடி ஏறத் தொடங்கியதுதான். விண்மீன்களிடை வெளியிலிருந்து மிதந்து வரும் நடுநிலை அணுக்கள் அங்கே அயனிகளாகி, காந்தப்புலத்தில் சிக்கிச் சுழன்று, புதிய அலைகளைக் கிளப்பிவிடுகின்றன.