17-ஆம் எண் சட்டைக்காரர்: மார்கஸ் டு சோட்டோய் பற்றிக் கேள்வி பதில்

அறிவியலை ஊருக்கெல்லாம் எடுத்துச் சொல்வதையே பதவியாக வைத்திருப்பவர் ஆக்ஸ்போர்டு கணிதப் பேராசிரியர் மார்கஸ் டு சோட்டோய். அவரைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் சொல்கிறேன். நான் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். அவர் ரசிகன்தான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

அறிவியலைப் பொதுமக்களுக்குப் புரியவைக்க என்றே ஒரு பேராசிரியர் பதவியா? சம்பளம் யார் கொடுப்பது? (பி.எஸ்சி. மாணவி)

சார்லஸ் சிமோனி என்பவர் கொடுத்த நிதி. ஹங்கேரியில் பிறந்தவர், மைக்ரோசாஃப்டில் வேர்டு, எக்செல் உருவாக்கத்தை முன்நின்று நடத்தியவர். 1995-இல் பதவி உருவானது. முதலில் வகித்தவர் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ். 2008-இல் டு சோட்டோய் வந்தார். டாக்கின்ஸ் பெயரோடு மதச் சர்ச்சையும் சேர்ந்தே வரும். இவரோ, தான் பேசப்போவது அறிவியலைத்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். கணிதத் துறையிலும் பேராசிரியராக இருக்கிறார். அதை மறந்துவிடாதீர்கள், அடுத்த கேள்விக்கு அது வேண்டும்.

ஆராய்ச்சியில் சரக்கு தீர்ந்தவர்கள்தான் மேடை ஏறுவார்கள் என்று எங்கள் துறையில் கிண்டல் செய்கிறார்களே? (விரிவுரையாளர்)

இந்தக் கிண்டலுக்கு வயது ரொம்ப அதிகம். 1940-இல் ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டி எழுதிய ‘ஒரு கணிதவியலாளரின் தன்விளக்கம்’ இப்படித்தான் தொடங்கும். விளக்குவது, விமர்சிப்பது, ரசிப்பது எல்லாம் இரண்டாம் தர மூளைக்கான வேலை என்று முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டார். வேடிக்கை என்னவென்றால், அந்தப் புத்தகமே கணிதம் தெரியாதவர்களுக்கான விளக்கம்தான். இன்றைக்கும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுக் கணிதத்துக்கு வருகிறார்கள். இன்னொரு வேடிக்கை: ஹார்டி 1931 வரை பேராசிரியராக இருந்ததும் ஆக்ஸ்போர்டின் நியூ காலேஜில்தான். டு சோட்டோய் இருப்பதும் அதே காலேஜ்.

சரி, இவர் விஷயத்துக்கு வருவோம். 2000-இல் ஃப்ரிட்ஸ் குரூனவால்ட் என்ற ஜெர்மன் கணிதவியலாளரோடு சேர்ந்து ‘அனல்ஸ் ஆஃப் மேத்தமேட்டிக்ஸ்’ இதழில் கட்டுரை வெளியிட்டார். அந்த இதழில் ஒரு கட்டுரை வந்தால் போதும் என்று வாழ்நாள் முழுக்க ஏங்குகிறவர்கள் உண்டு. 2001-இல் லண்டன் கணிதக் கழகத்தின் பெர்விக் பரிசு. பகா எண்களைப் பற்றி இன்னும் தீராத புதிரான ரீமான் கருதுகோள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது 2003-இல். வரிசையைப் பாருங்கள்: சரக்கு முதலில் வந்தது, மேடை பிறகு.

அந்த ஆராய்ச்சியைக் கொஞ்சம் புரியும்படி சொல்லுங்கள். (மென்பொருள் துறையில் இருப்பவர்)

முயல்கிறேன். குலம் (group) என்றால், ஒன்றோடொன்று சேர்க்கவும் சேர்த்ததை மீட்கவும் கூடியவற்றின் தொகுப்பு; ஒரு பொருளின் சமச்சீர்களும் அப்படி ஒரு குலம்தான். முழு எண்களைக் கூட்டலோடு ஒரு குலமாக எடுத்துக்கொள்ளுங்கள். 2-இன் மடங்குகள் அதற்குள் ஓர் உட்குலம், மொத்தத்தில் சரிபாதி. 3-இன் மடங்குகள் இன்னொன்று, மூன்றில் ஒரு பங்கு. ‘n-இல் ஒரு பங்கு’ அளவுள்ள உட்குலங்கள் எத்தனை என்று எண்ணினால், ஒவ்வொரு n-க்கும் சரியாக ஒன்று. 1, 1, 1, 1 என்று வரும் இந்த எண்ணிக்கைகளை 1/nˢ என்பதோடு பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கிடைப்பது ரீமானின் ஜீட்டா சார்பேதான்! பகா எண்களின் ரகசியத்தைப் பொத்தி வைத்திருக்கும் அதே சார்பு.

இதே எண்ணிக்கையை மற்றக் குலங்களுக்கும் செய்தால் என்ன கிடைக்கும் என்பதுதான் அவருடைய துறை. ஒரு குலத்தை அவர் கட்டிக் காட்டினார். அதில் ஒவ்வொரு பகா எண்ணுக்கும் வரும் உட்குல எண்ணிக்கை, y² = x³ − x என்ற எலிப்டிக் வளைவரையில், அந்தப் பகா எண்ணால் வகுத்த மீதிகளை மட்டும் கொண்டு எண்ணினால், எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்பதைப் பொறுத்து அமைகிறது. சமச்சீரைப் பற்றிய கேள்விக்குள் ஒரு வளைவரை ஒளிந்திருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எனக்கு எம்.எஸ்சி.யில் குலங்கள் வெறும் வரையறைகளாகவே வந்து போயின. இதைப் படித்தபோது சற்றுக் கோபம்கூட வந்தது.

சின்ன வயதிலேயே மேதையா? (பத்தாம் வகுப்பு மாணவனின் அப்பா)

இல்லை. இங்கிலாந்தின் ஹென்லி ஊரில் சாதாரண அரசுப் பள்ளியில் படித்தவர். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஒருநாள் கணித ஆசிரியர் கூப்பிட்டு, வகுப்புக் கட்டடத்துக்குப் பின்பக்கம் அழைத்துப் போனாராம். அடி விழப்போகிறது என்று பையன் நடுங்கியிருக்கிறான். ஆசிரியர் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, “வகுப்பில் நடத்துவது கணிதமே இல்லை, மார்ட்டின் கார்ட்னர் பத்தியைப் படி” என்கிற மாதிரி சொல்லி அனுப்பினார். கணிதப் புதிர்களைப் பற்றி ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதியவர் கார்ட்னர். அப்புறம் 1978-இல் லண்டனின் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனின் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள். 1825 முதல் பிள்ளைகளுக்காக நடந்துவரும் அந்த வரிசையில் முதன்முறையாகக் கணிதம் பேசியவர் கிறிஸ்டோபர் ஸீமன். தானும் அவரைப்போல ஆகவேண்டும் என்று நினைத்த பையன் 2006-இல் அதே மேடையில் நின்றான்.

அது என்ன 17? (பெயர் சொல்லாதவர்)

ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்தில் அவர் போடும் சட்டை எண். பகா எண் என்பதால்தான். கூடவே ஒரு சில்வண்டுக் கதையும் சொல்வார். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஒருவகைச் சில்வண்டு 17 வருடம் மண்ணுக்குள் கிடந்துவிட்டு மொத்தமாக வெளியே வரும். இன்னொரு வகைக்கு 13 வருடம். ஆறு வருடத்துக்கு ஒருமுறை வரும் எதிரி இருக்கிறது என்று வையுங்கள். 9 வருடச் சில்வண்டு 18 வருடத்துக்கு ஒருமுறை அதனிடம் மாட்டும். 7 வருடச் சில்வண்டு 42 வருடத்துக்கு ஒருமுறைதான். கதை அழகு. ஆனால் உயிரியலாளர்கள் எல்லோரும் இதை ஏற்கவில்லை, வேறு விளக்கங்களும் இருக்கின்றன. வகுப்பில் சொன்னால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நம் நாட்டுக் கணிதத்தைப் பற்றிப் பேசியிருக்கிறாரா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்)

நிறைய. 2008-இல் பிபிசிக்காகச் செய்த கணித வரலாற்றுத் தொடரில் குவாலியர் கோட்டைக்கே போய், பொ.ஆ. 876-ஆம் ஆண்டுக் கோயில் கல்வெட்டைக் காட்டுகிறார். 270 முழ நீள நந்தவனம், நாள்தோறும் 50 பூமாலை என்று அதில் வரும் இரண்டு எண்களிலும் சுழியம் குட்டி வட்டமாக இருக்கிறது. கேரளத்துக் கணிதவியலாளர் மாதவரும் அந்தத் தொடரில் வருகிறார்.

ராமானுஜன்–ஹார்டி பற்றி லண்டன் நாடகக் குழு ஒன்று 2007-இல் போட்ட நாடகத்துக்கும் கணித ஆலோசகர் இவர்தான். அது 2010-இல் ஹைதராபாத்தில், உலகக் கணிதவியலாளர் மாநாட்டின்போது மேடையேறியது. 1+2+3+… = −1/12 என்று ராமானுஜன் ஹார்டிக்கு எழுதினாரே, சாதாரணக் கூட்டலாகப் பார்த்தால் அபத்தம், ஆனால் அது மேலே சொன்ன ஜீட்டா சார்பின் ஒரு மதிப்புதான்.

குலங்களுக்கு நம் பெயர் வைப்பாராமே? (முதலில் கேட்ட அதே மாணவி)

ஆமாம். குவாத்தமாலா பிள்ளைகளின் படிப்புக்காக வேலை செய்யும் ஓர் அறக்கட்டளைக்கு நன்கொடை கொடுத்தால், தான் கட்டிய குலங்களில் ஒன்றுக்கு உங்கள் பெயரை வைப்பார். எண்ணற்ற குலங்கள் கைவசம் இருப்பதால் தட்டுப்பாடு வராது. நான் இன்னும் வாங்கவில்லை. பேத்தி பெயரிலா, என் பெயரிலா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.