கணைய அழற்சி: வலி போய்விட்டது, ஆபரேஷன் எதற்கு?

கேள்வி: என் அண்ணிக்கு 20 வாரக் கர்ப்பம். மேல்வயிற்று வலி முதுகு வரை இழுத்தது, வாந்தி நிற்கவில்லை. கேஸ் என்று நினைத்து ஒரு நாள் முழுக்க சோடா கொடுத்தோம். ஆஸ்பத்திரியில் கணைய அழற்சி என்றார்கள். பித்தப்பையில் பொடிக் கற்களாம். நான்கு நாளில் வலி போய்விட்டது. இப்போதே பித்தப்பையை எடுத்துவிடச் சொல்கிறார் டாக்டர். பிரசவம் முடியட்டும் என்கிறார் அம்மா. என்ன செய்வது?

பதில்: எடுத்துவிடுங்கள். வலி அடங்கினாலும் கற்கள் உள்ளேதான் இருக்கின்றன. கர்ப்ப கால ஹார்மோன்களால் பித்தத்தில் கொலஸ்டிரால் கூடும், பித்தப்பையும் மெதுவாகவே சுருங்கும். தேங்கும் பித்தம் கல்லாகிறது. பெரிய கல்லைவிடப் பொடிக் கல்தான் ஆபத்து. அது வழுக்கி இறங்கி, பித்தநாளமும் கணையநாளமும் சேரும் வாயில் சிக்கும். கணையத்தின் செரிமான நொதிகள் கணையத்தையே அரிக்கத் தொடங்கும். பித்தப்பையை விட்டுவைத்தால் பிரசவத்துக்குள் மறுபடி வர நிறைய வாய்ப்புண்டு. அடுத்த முறையும் இப்படி லேசாக வரும் என்று சொல்ல முடியாது. கடுமையாக வந்தால் குறைப்பிரசவம், சிசு இழப்பு வரை போகலாம்.

லேப்ராஸ்கோபிக்கு (சின்னத் துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷன்) நான்கு முதல் ஆறாம் மாதம் வரை வசதியான காலம். குழந்தையின் உறுப்புகள் உருவாகி முடிந்திருக்கும். கருப்பை இன்னும் மேலே ஏறி இடத்தை அடைத்திருக்காது. வழக்கமான மயக்க மருந்துகளால் குழந்தைக்கு ஊனம் வருவதாகத் தெரியவில்லை. ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பைப் பார்ப்பார்கள்.

அதுவரை எண்ணெய்ப் பலகாரம், முட்டை மஞ்சள்கரு, தேங்காய்ப்பால் வேண்டாம். சின்ன வலிக்கு பாராசிட்டமால் போதும். மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் வாங்காதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கலாம். மஞ்சள் காமாலை, குளிர்க் காய்ச்சல், திரும்ப வலி என எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி. நாளத்தில் கல் அடைத்திருந்தால், குழந்தைக்குக் கதிர்வீச்சு படாதபடி எண்டோஸ்கோப்பியில் (வாய்வழியாக விடும் குழாய்) எடுக்க முடியும்.

இன்னொன்று: ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு (ஒரு வகைக் கொழுப்பு), கால்சியம் இரண்டையும் பார்த்தார்களா என்று கேளுங்கள். இவை கூடினாலும் கணைய அழற்சி வரலாம். கல் கிடைத்ததும் இவற்றை மறந்துவிடுவதுண்டு. கணைய அழற்சியில் கால்சியம் பொதுவாக இறங்கும். அந்த நேரத்தில் அது மேல் வரம்பில் இருந்தால் கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஏழாவது மாதம். ட்ரைகிளிசரைடு 1,400. ரத்தம் பால்போல இருந்ததாம். வலி எதுவும் இல்லை. கவலைப்பட வேண்டுமா?

பதில்: ஆமாம், இந்த வாரமே. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் எல்லோருக்கும் இது இரண்டு மூன்று மடங்கு ஏறும். ஆனால் 1,000 மி.கி. தாண்டினால் கணைய அழற்சி வரலாம். கொழுப்பை மிகக் கறாராகக் குறைக்க வேண்டும், சர்க்கரை, மைதாவையும்தான். சர்க்கரை நோய், தைராய்டு இருக்கிறதா என்று பாருங்கள். வலி வந்துவிட்டால் அட்மிட் செய்து குளுக்கோஸுடன் இன்சுலின் ஏற்றி, 500-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்பார்கள்.