துருக்கிப் பாட்டுல அடிக்கடி வர்ற "காரா செவ்தா"ன்னா என்ன?

நேரா சொன்னா "கறுப்புக் காதல்", ஆனா நாம காதல் பைத்தியம்னு சொல்றோமே அதுதான் கிட்டத்தட்ட. செவ்தாங்கறதே அரபியில கரும்பித்தத்தைக் குறிக்கிற வார்த்தையில இருந்து வந்தது, அது உடம்புல ஏறினா ஆளு சோர்ந்துபோய் புலம்புவான்னு பழைய வைத்தியத்துல நம்பினாங்க, அந்த வார்த்தைக்கு முன்னாடியும் "காரா"ன்னு இன்னொரு கறுப்பை ஒட்டிட்டாங்க, டபுள் டோஸ்! இதயத்தோட விடவும் மாட்டாங்க, "ஜியெரிம் யனியோர்"னு ஈரலே எரியுதும்பாங்க. நமக்கு வயிறு எரிஞ்சா பொறாமை, அவங்களுக்கு ஈரல் எரிஞ்சா தாங்கமுடியாத வேதனை. "குர்பான் ஒலாயிம்"னா உனக்கு நான் பலியாகிடறேன்னு அர்த்தம், நம்ம பக்ரீத் குர்பானியும் அதே வார்த்தைதான். காதலுக்குப் பொதுவா சொல்ற "அஷ்க்", உருது இஷ்க்கேதான், யூனுஸ் எம்ரே மாதிரி சூஃபிங்க அதையே கடவுளுக்கும் பாடினதால சில வரியில கேக்கறது காதலியையா கடவுளையான்னே பிரிக்க முடியாது.